ஷோன்பெர்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். பியானோவும் ஓரளவு வாசிப்பேன். கல்லூரிக் கருத்தரங்குக்கு ‘கட்டடத்திலும் இசையிலும் செயல்பாட்டுவாதம்: 1900–1930’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். (ஒரு பொருளின் வடிவத்தை அதன் வேலையே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கைதான் செயல்பாட்டுவாதம்.) வியன்னாவில் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸ் அலங்காரத்தை எதிர்த்தார், அவருடைய நண்பரான இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் அதையே இசையில் செய்தார் என்று படித்த இடத்திலெல்லாம் இருக்கிறது. சரியென்று ஷோன்பெர்க்கைக் கேட்டேன். ஐயா, அந்த இசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆட முடியாது, கூடச் சேர்ந்து பாட முடியாது, படிக்கும்போது பின்னணியில் ஓடவிடவும் முடியவில்லை. ஒரு பயனுக்கும் உதவாத இசையைச் செயல்பாட்டுவாதம் என்று மேடையேறி எப்படிச் சொல்வேன்? வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

பதில்:

மாற்ற வேண்டாம். உங்களை உறுத்திய கேள்வியை அப்படியே கருத்தரங்கின் நடுவில் வையுங்கள். அதைக் கேட்காமலேயே கட்டுரை எழுதி முடித்தவர்கள் ஏராளம். லோஸ், ஷோன்பெர்க் இருவர் பெயரையும் ஒரே வரியில் போட்டு, ‘அலங்காரம் ஒழிந்தது’ என்று ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் காது அவர்களைவிட நேர்மையாக வேலை செய்திருக்கிறது.

லோஸிலிருந்தே தொடங்குவோம், அவர் உங்கள் துறைக்காரர். ‘அலங்காரமும் குற்றமும்’ கட்டுரையை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். (1908 என்று பல நூல்களில் போட்டிருக்கும். அவர் அதை வியன்னாவில் உரையாக நிகழ்த்தியது 1910-ல். முதலில் அச்சேறியது 1913-ல், அதுவும் பிரெஞ்சில். கருத்தரங்கில் யாராவது ஆண்டைக் கேட்டால் தடுமாறாதீர்கள்.) அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். அங்கே ஒரு செருப்புத் தைப்பவர் வருகிறார். அவர் செய்யும் பூவேலையை லோஸ் எதிர்க்கவில்லை, அந்த மனிதருக்கு வேறு மகிழ்ச்சி கிடையாது என்கிறார். நமக்கோ அலங்காரத்தின் இடத்தில் கலை வந்துவிட்டது, நாள் முழுக்க உழைத்துக் களைத்தபின் பீத்தோவனைக் கேட்கப் போகிறோம் என்கிறார். ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சுவர்த்தாளுக்குப் பூ வரைகிறவன் ஏமாற்றுக்காரன், அல்லது சீரழிந்தவன் என்று கடுமையாகவே சொல்கிறார்.

இதில் இசை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். நாற்காலி, கோட்டு, செருப்பு, வீட்டுச் சுவர் எல்லாம் ஒரு பக்கம். அவற்றுக்கு வேலை இருக்கிறது, ஆகவே பூ வேண்டாம். இசை மறுபக்கம். இசை இருப்பதால்தான் நாற்காலியில் பூ தேவையில்லை. லோஸின் கணக்கில் இசை பயன்படு பொருளே அல்ல. 1910-ல் எழுதிய ‘கட்டடக்கலை’ என்ற இன்னொரு கட்டுரையில் இதை வெட்டவெளிச்சமாகப் பிரிக்கிறார்: வீடு எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், கலைப்படைப்பு யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. வீடு ஒரு தேவையை நிறைவேற்றுகிறது, கலை யாரும் கேட்காமலே வருகிறது. கட்டடங்களில் கல்லறையும் நினைவுச்சின்னமும் மட்டுமே கலை என்று உங்கள் துறையையே முக்கால்வாசி வெளியே தள்ளிவிடுகிறார். இவர்களுடைய நண்பரான எழுத்தாளர் கார்ல் கிரவுஸ் 1913-ல் இன்னும் குறும்பாகச் சொன்னார்: லோஸும் நானும் செய்ததெல்லாம் அஸ்திக் கலசத்துக்கும் மூத்திரச் சட்டிக்கும் வித்தியாசம் உண்டு என்று காட்டியதுதான், மற்றவர்கள் கலசத்தைச் சட்டியாக்குகிறார்கள், அல்லது சட்டியைக் கலசமாக்குகிறார்கள்.

ஆக, ஷோன்பெர்க்கின் இசை உங்களுக்கு எதற்கும் பயன்படவில்லை என்றால் லோஸ் அதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். அது கலசம். அதில் தண்ணீர் மொள்ள முடியவில்லை என்பது புகாரே அல்ல.

அப்படியானால் இருவருக்கும் பொதுவானது எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது படைப்புக்குள்ளே இருக்கிறது. 1911-ல் வெளிவந்த ஷோன்பெர்க்கின் ஹார்மனி (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பாடநூலை நான் மாணவர்களுக்குக் கொடுக்கும்போது தொடக்க அத்தியாயத்தைத் தவறாமல் படிக்கச் சொல்வேன். அழகியல் தத்துவம் பேசுகிறவர்கள்மேல் அவருக்கு இருந்த எரிச்சல் அதில் தெரியும். தச்சன் தன் பயிற்சியாளனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பதைப் போல இசையின் தொழிலைக் கற்றுக்கொடுக்க முடிந்தாலே தனக்குப் போதும் என்கிறார். மாணவர்களிடமிருந்து ஒரு மோசமான அழகியலைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு நல்ல கைத்தொழில் கல்வியைக் கொடுத்தேன் என்பது அவருடைய பெருமை. அதே நூலில், ஹார்மனிக்கு ‘அந்நியமான’ சுரங்கள் என்று பழைய பாடநூல்கள் ஒதுக்கிவைத்த பட்டியலை அவர் ஏற்க மறுக்கிறார். கடந்துபோகிற சுரம், அண்டைச் சுரம், அழகுக்காகத் தொட்டுவிட்டுப் போகிற சுரம் என்று சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். ஒலிக்கிற எதுவும் ஹார்மனியின் பகுதிதான், ஒதுக்கிவைக்க எதுவும் இல்லை என்பது அவர் வாதம். ஒட்டுவேலைக்கு இடமில்லை என்று ஒரு கட்டடக்காரர் சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

நீங்கள் பியானோ வாசிப்பதால் இதைக் கையாலேயே சோதிக்கலாம். 1911 பிப்ரவரி 19 அன்று, ஒரே நாளில், அவர் ஐந்து சிறு பியானோ துண்டுகளை எழுதினார். இசையமைப்பாளர் மாலர் இறந்த பிறகு ஜூனில் ஆறாவதைச் சேர்த்தார். படைப்பு எண் (ஓபஸ்) 19 என்று தேடினால் கிடைக்கும். இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே பார்கள் (தாளக் கட்டங்கள்). ஜி, பி என்ற இரண்டு சுரங்கள் சேர்ந்து, உலர்ந்த சிறு தட்டல்களாக, இடையிடையே மௌனம் விட்டு, துண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு மெல்லிசை ஒரு தடவை நீளும். அவ்வளவுதான். பழைய மரபில் இந்த இரட்டைச் சுரத்தைப் பக்கவாத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். இங்கே யார் பாடுகிறார், யார் பக்கம் வாசிக்கிறார் என்று பிரிக்க முடியாது. ஒரு தட்டலை விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள், இல்லை மௌனத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள். துண்டு உட்கார்ந்துவிடும். தூணை எடுத்த கூரை என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கட்டடக்கலை மாணவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இது. அந்தத் துண்டுகளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1909 ஆகஸ்டில், ஷோன்பெர்க் இசையமைப்பாளர் புசோனிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஹார்மனி என்பது கட்டுமானத்துக்கான செங்கல்லும் சிமெண்டும் அல்ல, வெளிப்பாடு மட்டுமே என்கிறார். கட்டியெழுப்பிய கோபுரங்கள் போதும், இசை சுருக்கமாக இருக்கட்டும், கட்டப்படாமல் வெளிப்படட்டும் என்கிறார். லோஸ் அரண்மனைக்கு எதிரே, மிகாயேலர் சதுக்கத்தில், வியன்னாக்காரர்கள் ‘புருவமில்லாத வீடு’ என்று கேலி செய்த அந்தக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய நண்பர் இசையைக் கட்டடத்தோடு ஒப்பிடுவதையே வெறுத்துக்கொண்டிருந்தார். அதே 1911-ல், கலை திறமையிலிருந்து வருவதில்லை, கட்டாயத்திலிருந்து வருகிறது என்றும் எழுதினார். சுரங்கள் குறைந்ததற்குக் காரணம் சிக்கனத்தைவிட இந்த உள்நெருக்கடிதான் என்பது என் கருத்து. ஒழுங்கு, திட்டம், பன்னிரண்டு சுர வரிசை (பன்னிரண்டு சுரங்களையும் ஒரு குறித்த வரிசையில் வைத்து இசையமைக்கும் முறை) எல்லாம் 1920களில் வந்தவை. அந்த வரிசையைக் காட்டி 1909-ஐ விளக்குவது, பின்னால் போட்ட வரைபடத்தைக் காட்டி முன்னால் கட்டிய வீட்டுக்கு அனுமதி வாங்குவதாகும்.

வைமாரில் இருந்த பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியையும் இங்கே இழுக்காதீர்கள். 1923-ல் அதே ஊரின் இசைப்பள்ளியின் பொறுப்பை ஏற்கலாமே என்று பௌஹவுஸில் பயிற்றுவித்துக்கொண்டிருந்த ஓவியர் கான்டின்ஸ்கி அழைத்தபோது, அங்கே யூத வெறுப்பு நிலவுகிறது என்று கேள்விப்பட்டிருந்த ஷோன்பெர்க் கோபமும் வேதனையுமாக ஒரு கடிதம் எழுதி மறுத்துவிட்டார். பாணிகள் ஒன்றுபோல் தெரிந்தால் மனிதர்கள் ஒரே அறையில் இருந்தார்கள் என்று பொருளல்ல.

ஆனாலும் அந்த மனிதரின் மூளை கருவிகளை நேசித்த மூளை. இசைக்குறிகளைத் தட்டச்சு செய்யும் இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். நான்கு பேர் ஆடும் சதுரங்கத்தை உருவாக்கினார், நூறு கட்டங்கள் அதற்கு. பெர்லினில் இருந்தபோது டிராமில் மாறிமாறிப் போவதற்கு வசதியான டிக்கெட் ஒன்றை வடிவமைத்தார். 1946-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பாணிக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அவர் எடுக்கும் உதாரணம் என்ன தெரியுமா? குறடு. வளைந்த இரண்டு கைகள் ஒரு புள்ளியில் குறுக்கே கடக்கின்றன. பின்னால் நீண்ட கைகள் அசையும்போது முன்னால் குட்டையான முனைகள் எதிர்த்திசையில் அசைகின்றன. அழுத்துகிறவனின் பலம் பெருகி, கம்பி துண்டாகிறது. இதைக் கண்டுபிடித்தவன் மேதை என்கிறார். குறடு பழசாகலாம், அதைவிட நல்ல கருவி வரலாம், ஆனால் அதற்குள் இருக்கும் கருத்து பழசாகாது என்பது அவர் முடிவு. உங்கள் கருத்தரங்கில் ஷோன்பெர்க்கைச் செயல்பாட்டுவாதி என்று சொல்ல ஒரே ஒரு சான்றுதான் வேண்டுமென்றால் இதை எடுங்கள். பன்னிரண்டு சுர அட்டவணையைவிட இது நூறு மடங்கு நன்றாகப் பேசும்.

பயன் என்று வற்புறுத்திக் கேட்டால், அந்த இசைக்கு ஒரே வேலைதான்: கவனமாகக் கேட்கப்படுவது. அந்த வேலைக்கு ஏற்ற இடத்தை அவரே அமைத்தார். 1918-ல் வியன்னாவில் தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. விமரிசகர்கள் வரக்கூடாது. கைதட்டக் கூடாது. என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கடினமான படைப்புகளை மறுபடி மறுபடி வாசிப்பார்கள். 1921 வரை நடந்தது. அது ஒரு கேட்கும் கூடம். நீங்கள் படிக்கும்போது பின்னணியில் ஓடவிட்டுத் தோற்றதில் வியப்பே இல்லை.

இனி மற்றொரு கூட்டம். நீங்கள் தேடிய ‘பயன்’ அங்கேதான் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த ஜெர்மனியில், கச்சேரிக் கூடத்தில் சிலர் அமைதியாக உட்கார்ந்து கேட்பதற்காக மட்டும் எழுதுவது இளையவர்களுக்குக் கசந்துபோயிற்று. 1923-ல் வானொலி வந்துவிட்டது. ஊர்தோறும் தொழிலாளர் பாடகர் குழுக்கள், பள்ளிக் குழுக்கள் இருந்தன. அவர்களுக்கு வாசிக்கவும் பாடவும் இசை வேண்டியிருந்தது. ‘பயன்பாட்டு இசை’ என்ற பெயரை ஆய்வாளர்கள்தான் முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், அது இசையமைப்பாளர் பால் ஹிண்டமித்தின் தலையில் விழுந்து கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே அவர் எரிந்து விழுவார்.

ஹிண்டமித் வியோலாக்காரர் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம் அது), கூலிக்கு வாசித்து வளர்ந்தவர். அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஒரு காட்சி: 1936 ஜனவரியில் தன் வியோலாப் படைப்பை வாசிக்க லண்டன் போயிருந்தார். 20-ஆம் தேதி இரவு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துவிட, கச்சேரி ரத்தானது. மறுநாள் காலை 11 மணிக்கு பி.பி.சி. ஒதுக்கிக் கொடுத்த ஓர் அறையில் உட்கார்ந்தார். மாலை 5 மணிக்கு வியோலாவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமான இரங்கல் இசை தயார். ஒலிபரப்பில் ஏட்ரியன் போல்ட் இசைக்குழுவை நடத்த, வியோலாவை வாசித்தவர் ஹிண்டமித்தே. அவசரமாகச் செய்தது என்று கேட்டால் தெரியாது. துக்க வீட்டுக்கு வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் வந்து நின்ற இசை. நம் கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை யாரும் ரசித்துத் தலையாட்டுவதில்லை, ஆனால் அது இல்லாமல் தாலி ஏறாது. அந்த வகை வேலைக்காரர் அவர்.

1932-ல் வட ஜெர்மனியின் புளோன் ஊர்ப் பள்ளிக்காக ஒரு முழு நாளுக்கான இசை எழுதினார். காலையில் கோபுரத்திலிருந்து பித்தளை வாத்தியங்கள் எழுப்பிவிடும், சாப்பாட்டு வேளைக்குத் தனி இசை, பிறகு பாடல், மாலையில் கச்சேரி. வாசித்தவர்கள் மாணவர்கள். அந்தந்த வயதுக் கைகளுக்கு எட்டும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. கட்டடக்காரர்கள் மனித உடலின் அளவை வைத்து மேசை உயரத்தைத் தீர்மானிப்பதாகச் சொல்கிறீர்களே, இங்கே விரல்களின் அளவு. 1930-ல் எழுதிய ‘நாம் ஒரு நகரம் கட்டுவோம்’ என்ற சிறுவர் இசை நாடகமும் உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். பெரியவர்கள் பார்த்து ரசிப்பதற்கல்ல, குழந்தைகள் செய்து கற்பதற்கு என்று அவரே தெளிவாக்கியிருக்கிறார். பாடல்களைக் குறைக்கலாம், ஆட்டம் சேர்க்கலாம். குடியிருப்பவர் சுவரை நகர்த்தலாம் என்று சொல்லும் கட்டடக்காரரை உங்கள் துறையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

இசையமைப்பாளர் கர்ட் வைலும் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டும் இன்னும் ஒரு படி போனார்கள். 1929-ல் பாடன்-பாடன் விழாவில் லிண்ட்பெர்க்கின் விமானப் பயணத்தைப் பற்றிய வானொலிப் படைப்பு அரங்கேறியது. வைலும் ஹிண்டமித்தும் பகிர்ந்து இசையமைத்திருந்தார்கள். மேடையின் ஒரு பக்கம் இசைக்குழுவும் பாடகர்களும், அதுதான் ‘வானொலி’. மறுபக்கம் ‘கேட்பவர்’, அவர் விமானியின் பகுதியைத் தானே பாட வேண்டும். அடுத்த ஆண்டு பள்ளிகளுக்காக ‘ஆம் என்பவன்’ வந்தது. பெர்லினில் ஒரு பள்ளி மாணவர்கள் அதைப் பார்த்து விவாதித்து, கதையின் முடிவை ஏற்க முடியாது என்றார்கள். பிரெக்ட் உட்கார்ந்து உரையைத் திருத்தினார், எதிர்முடிவோடு ‘இல்லை என்பவன்’ என்று இன்னொன்றும் எழுதினார். பயன்படுத்துகிறவர் சொன்னதைக் கேட்டுப் படைப்பை மாற்றுவது ஷோன்பெர்க் கனவிலும் செய்யாத காரியம்.

இந்தச் சண்டையை உங்கள் கருத்தரங்கின் மையத்தில் வையுங்கள். ஷோன்பெர்க்குக்கு இவர்கள் மேல் இளப்பம். குறடு வரும் அதே கட்டுரையில், எல்லோருக்குமானது என்றால் அது கலையல்ல, கலை என்றால் அது எல்லோருக்குமானதல்ல என்று அடித்துச் சொல்கிறார். 1929–30-ல் அவரே ஒரு திரைப்படக் காட்சிக்கான இசை எழுதினார். அச்சுறுத்தும் ஆபத்து, பயம், பேரழிவு என்று காட்சிக் குறிப்பும் உண்டு. படம் மட்டும் இல்லை! எந்தப் படத்துக்கும் எழுதாத படஇசை. லோஸ் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் ஒருவரிடம் பார்க்க வேண்டுமானால் ஹான்ஸ் ஐஸ்லரிடம் போங்கள். ஷோன்பெர்க்கின் மாணவர். இந்த இசை யாருக்கு என்று கேட்டு 1926-ல் ஆசிரியரோடு முறித்துக்கொண்டு, தெருவில் நடந்தபடி பாடும் தொழிலாளர் பாடல்கள் எழுதப் போனவர். 1941-ல், அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது, யோரிஸ் ஐவன்ஸின் ‘மழை’ என்ற பேசாப் படத்துக்கு இசையமைத்தார். பன்னிரண்டு சுர முறையில், ஆசிரியரின் ‘பியரோ’ என்ற படைப்புக்கு இருந்த அதே வாத்தியங்களைக் கொண்டு. ஆசிரியரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஒரு சுரமும் சும்மா இல்லை, மொத்தத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது.

வழிகாட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: தலைப்பு அப்படியே இருக்கட்டும், முடிவு ஆண்டை மட்டும் 1930-லிருந்து 1941 வரை நீட்டுகிறேன், ‘சுரத்தின் வேலையா, படைப்பின் வேலையா’ என்பதுதான் என் கேள்வி. ‘வடிவம் செயல்பாட்டைத் தொடர்கிறது’ என்ற வாசகத்தோடு தொடங்கினால், அது 1896-ல் லூயி சல்லிவன் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதியது என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வியன்னாக்காரர்கள் அதிலிருந்து கிளம்பியதாகக் காட்ட வேண்டாம். ஷோன்பெர்க்கின் அந்த ஒன்பது பார்களை நீங்களே மேடையில் வாசியுங்கள், ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். வாசிக்கும்போது திரையில் படம் எதுவும் வேண்டாம்.

மற்ற நேரத்தில் பார்வையாளர்கள் உள்ளே வரும்போதும் தேநீர் இடைவேளையிலும் ஏதாவது ஒலிக்க வேண்டுமென்றால் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி இருக்கிறார். நாற்காலி மேசைபோல அறையில் சும்மா கிடக்கிற இசையை அவர் எழுதிப் பார்த்தார். 1920 மார்ச் 8 அன்று பாரிஸின் பார்பசாஞ்ச் கலைக்கூடத்தில், ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை ஒலிக்கவிட்டார்கள். இசை தொடங்கியதும் பழக்கதோஷத்தில் எல்லோரும் இருக்கைக்குத் திரும்பி அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி கத்திக்கொண்டே சுற்றியதாகக் கூட இருந்த இசையமைப்பாளர் மில்யோ எழுதியிருக்கிறார். உங்கள் கல்லூரியில் அவருக்கு அந்தச் சிரமம் இருக்காது.